லாபுவான் தீவின் பேராயர்

தமிழ் வேதாகமத்தில், சபையை நடத்துபவன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும் என்று பவுல் அடிகள் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், 'கண்காணி' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன்னர், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் முதிய அம்மையார் ஒருவர் தம் பேத்தியை அப்பகுதியை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். அச்சொல் வந்த மாத்திரத்தில் அவர் கையை உயர்த்தி வாசிப்பை நிறுத்தினார். "ஏன் வாத்தியாரே, கோயிலுக்கும் கண்காணி உண்டா? அவருக்கும் தலைக்காசு உண்டா?" என்று எம்மைப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்காணி என்றால் யார் என்பதைத் தம் பெற்றோரின் முதுகு வழியாக அறிந்தவர் அவர். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கண்காணி பெற்ற காசுதான் தலைக்காசு.

அம்மையார் கேட்டது வேடிக்கையான கேள்வி அன்று. 'எபிஸ்கொபோஸ்' என்பது கிரேக்கச் சொல். 'எபி' என்றால் மேல். 'ஸ்கொபோஸ்' என்றால் நோக்குபவன். மேலிருந்து நோக்கிப் பேணுபவன் என்பது பொருள். அச்சொல்லே தேய்ந்து தேய்ந்து ஆங்கிலத்தில் 'பிஷப்' ஆயிற்று. வேதாகமத்தைத் தமிழாக்கியோர் அதனைக் கண்காணி என்று பெயர்த்தது சொல்லுக்குச் சொல் சரியான பெயர்ப்பே. கண்ணால் காண்பவன் கண்காணி. தோட்டத்துக்கு அச்சொல் பின்னர் வந்தது. ஆயினும், சபைத் தலைவரைக் கண்காணி என்று அழைக்கும் வழக்கம் தமிழரிடையே வேரூன்றவில்லை. திருநெல்வேலிச் சீமையார் 'அத்தியட்சர்' என்றனர். கத்தோலிக்கர் 'மேற்றிராணியார்' என்றும் பின்னர் 'ஆயர்' என்றும் வழங்கினர். தென்னிந்தியத் திருச்சபையார் 'பேராயர்' என்கின்றனர். கத்தோலிக்கரிடையே பேராயர் என்பது ஆயருக்கும் மேற்பட்ட பதவி. ஆதலின் மயக்கம் நேரலாம். இக்கட்டுரையில் பிஷப் என்பவரைப் பேராயர் என்றும், அவருக்கு மேற்பட்டவரைத் தலைமைப் பேராயர் என்றும், பேராயரின் மேற்பார்வைக்கு உட்பட்ட நிலப்பரப்பைத் திருமண்டலம் என்றும் கூறுவோம்.

கண்காணி என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், நம் நாட்டு ஆங்கிலிக்கன் திருச்சபையின் வரலாற்றில் ஒரு புதுமை புலப்படும். பேராக் மாநிலத்தில் ஆங்கிலேயர் காலூன்றிய 1874-ஆம் ஆண்டில், இம்மாநிலத்து ஆங்கிலிக்கன் மக்களுக்குப் பேராயராக இருந்தவர் கோலாலம்பூரிலும் இல்லை, பினாங்கிலும் இல்லை, சிங்கப்பூரிலும் இல்லை. அவர் தென்சீனக் கடலுக்கு அப்பால், போர்னியோத் தீவின் கூச்சிங் நகரில் இருந்தார். அவருடைய பட்டப்பெயரோ கூச்சிங்கைக் குறிப்பதுமன்று. 'லாபுவான் பேராயர்' என்பதே அது. லாபுவான் என்பது போர்னியோவின் வடமேற்குக் கரையோரத்தில் உள்ள சிறு தீவு. பரப்பு ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டர். இத்தனை சிறிய தீவின் பெயரால் இத்தனை பெரிய நிலப்பரப்பை ஒருவர் எவ்வாறு கண்காணித்தார்? ஏன் அந்தப் பெயர் வந்தது?

இதற்கு விடை காண, முதலில் கல்கத்தாவுக்குச் செல்லவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் ஒரே பேராயர் என்ற முறையில் தாமஸ் மிடில்டன் 1814-இல் கல்கத்தாவில் வந்திறங்கினார். இந்தியா முழுவதும், இலங்கையும், பினாங்கும், பின்னர் ஆஸ்திரேலியாவுங்கூட அந்த ஒரு பீடத்தின் கீழ் வந்தன. மனிதர் தாங்கக்கூடிய சுமையன்று அது. முதல் நான்கு கல்கத்தாப் பேராயர்களும் 1814-க்கும் 1831-க்கும் இடைப்பட்ட 17 ஆண்டுகளுக்குள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அவர்களுள் இரண்டாமவரான ஹீபர் 1826-இல் நம் திருச்சிராப்பள்ளியில் இறந்தார் என்பது தமிழாசிரியர் பலர் அறிந்த செய்தி. பாரம் தாளாமல் சென்னைக்கு 1835-இலும் கொழும்புக்கு 1845-இலும் தனிப் பேராயர்களை அமைத்தனர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் மட்டும் கல்கத்தாவோடேயே நின்றன.

அந்நாளில் பேராயர் வருகை என்பது தலைமுறைக்கு ஓரிருமுறை நிகழும் விழா. பினாங்கின் புனித ஜார்ஜ் ஆலயத்தை 1819-இல் மிடில்டன் வந்து நேர்ந்தளித்தார். 1838-இல் டேனியல் வில்சன் வந்தார். டச்சுக்காரர் 1753-இல் கட்டி முடித்த மலாக்காவின் கிறிஸ்து ஆலயத்தை ஆங்கிலிக்கன் முறைப்படி நேர்ந்தளித்து, சிங்கப்பூரின் முதல் புனித அந்திரேயா ஆலயத்தையும் அவ்வாறே செய்து திரும்பினார். அந்த ஆலயத்தை இருமுறை இடி தாக்கிற்று. கட்டடம் பழுதாகி இடிக்கப்பட்டது. இன்று சிங்கப்பூரில் வெண்ணிறமாக நிற்கும் பேராலயத்துக்கு 1856-இல் அடிக்கல் நாட்டியவரும் அதே வில்சனே. அதனைக் கட்டியவர்கள் யார் என்பதை இங்கே நிறுத்திச் சொல்லவேண்டும். இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளே கட்டினர். வடிவமைத்து மேற்பார்த்தவர் ரோனல்ட் மெக்பெர்சன் என்னும் அதிகாரி. சுவர்ப் பூச்சோ சென்னைப் பக்கத்துச் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவையும் சர்க்கரையையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுப் பதப்படுத்தி, பூசிக் காய்ந்தபின் வழவழவென்று தேய்த்து மெருகேற்றும் முறை அது. செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அதன் இயல்பு தெரியும். 1862-இல் காட்டன் பேராயர் கல்கத்தாவிலிருந்து வந்து அவ்வாலயத்தை நேர்ந்தளித்தார். விலங்கு மாட்டியவர் கையால் எழுந்த ஆலயம் பின்னர் பேராயரின் பீடமாயிற்று.

இனி, லாபுவானுக்கு வருவோம். ஜேம்ஸ் புரூக் என்னும் ஆங்கிலேயர் புரூணை சுல்தானிடமிருந்து பெற்ற உரிமையால் 1841 முதல் சரவாக்கின் ராஜாவாக இருந்தார். அவருடைய அழைப்பின்பேரில் பிரான்சிஸ் தாமஸ் மெக்டூகல் 1848-இல் கூச்சிங்கில் வந்திறங்கினார். அவர் குருவானவர் மட்டுமல்லர், தேர்ந்த அறுவை மருத்துவரும் ஆவர். பள்ளியும் மருந்தகமும் ஆலயமும் அமைத்தார். 1853-இல் அந்த ஊழியத்தை எஸ்.பி.ஜி. சங்கம் ஏற்றுக்கொண்டது. தமிழரின் ஒப்பிலக்கணப் பேராசான் கால்டுவெலை இடையன்குடியில் வைத்துப் பேணிய சங்கமும் இதுவே. சபை வளர்ந்தது, பேராயர் ஒருவர் வேண்டும் என்றாயிற்று. இவ்விடத்தில்தான் சட்டம் குறுக்கிட்டது.

இங்கிலாந்துத் திருச்சபையில் பேராயர் பீடத்தை உருவாக்கும் உரிமை அரசியாருடையது. அரசியார் சாசனம் ஒன்றை வெளியிட்டுப் பீடத்தை நிறுவுவார். அச்சாசனம் அரசியாரின் மண்ணில் மட்டுமே செல்லும். சரவாக்கோ அரசியாரின் மண்ணன்று. அதனை ஆண்டவர் ஆங்கிலேயராயினும், அது வேற்று ராஜாவின் நாடு. ஆனால் பக்கத்தில் லாபுவான் இருந்தது. புரூணை சுல்தான் அத்தீவை 1846-இல் பிரித்தானியருக்கு விட்டுக்கொடுத்தார். 1848-இல் அது முடியாட்சிக் குடியேற்றமாயிற்று. நிலக்கரி கிடைக்கும், நீராவிக் கப்பல்கள் வந்து நிற்கும், இன்னொரு சிங்கப்பூர் எழும் என்றெல்லாம் கனவு கண்டனர். கனவு பலிக்கவில்லை என்பது வேறு. சட்டத்துக்கு அத்தீவு போதுமானதாயிற்று. பீடத்தை லாபுவான் பெயரில் நிறுவினர். சரவாக் ராஜா தம் பங்குக்குத் தம் நாட்டின் பேராயராகவும் அவரையே நியமித்துக்கொண்டார். ஒரே மனிதர் அரசியாருக்கு லாபுவான் பேராயர். ராஜாவுக்குச் சரவாக் பேராயர்.

மெக்டூகலின் அபிஷேகம் 1855 அக்டோபர் 18-ஆம் நாள் கல்கத்தாவில் நடந்தது. அன்று மருத்துவரான லூக்கா அடிகளின் திருநாள். மருத்துவர் பேராயரானதற்குப் பொருத்தமான நாளே. இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர் ஒருவர் பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அபிஷேகம் பெற்றது அதுவே முதன்முறை என்று திருச்சபை வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். அதன்பின் அவர் திரும்பிப்போய் வாழ்ந்ததும் பணியாற்றியதும் கூச்சிங்கில்தான். லாபுவான் அங்கிருந்து 300 மைலுக்கு மேற்பட்ட தொலைவில் இருந்தது. பெயர் ஓரிடத்தில், பீடம் ஓரிடத்தில், மக்கள் பலவிடங்களில்.

மெக்டூகலைப் பற்றி இன்னொன்று. 1857-இல் சீனச் சுரங்கத் தொழிலாளர் கூச்சிங்கைத் தாக்கியபோது அவர் காயமுற்றோருக்குக் கட்டுப்போட்டார். அதே மனிதர் 1862-இல் கடற்கொள்ளைக்காரரோடு நடந்த சண்டையில் துப்பாக்கி ஏந்தினார். அந்தத் துப்பாக்கியின் திறத்தை மெச்சி லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார். இங்கிலாந்தில் பெரும் கண்டனம் எழுந்தது. நமக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்நாளைய பேராயர் பதவி எத்தகைய ஆட்சியின் நிழலில் நின்றது என்பதை அந்தக் கடிதம் ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகிறது.

1867-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து நேரே லண்டனின் ஆட்சிக்கு உட்பட்டன. நாடு பிரிந்தபின் சபை மட்டும் கல்கத்தாவோடு இருப்பது பொருந்தாது என்று, ஓரிரு ஆண்டுகளில் அவற்றை லாபுவான் திருமண்டலத்தோடு சேர்த்தனர். மெக்டூகலுக்குப் பின் 1869-இல் பேராயரான வால்டர் சேம்பர்ஸ் இவ்வாறு இரண்டு கடற்கரைகளுக்கும் பொறுப்பாளரானார். 1870-இல் புனித அந்திரேயா ஆலயம் பேராலயமாக உயர்த்தப்பட்டது. எனினும் பேராயர் கூச்சிங்கிலேயே இருந்தார். பேராலயத்துக்கும் பேராயருக்கும் நடுவே ஒரு கடல்.

1881-இல் ஜார்ஜ் பிரெடெரிக் ஹோஸ் பேராயரானார். அவர் காலத்தில்தான் பட்டத்தில் சிங்கப்பூரின் பெயர் ஏறிற்று: 'சிங்கப்பூர், லாபுவான், சரவாக் பேராயர்.' ஹோஸ் அறிவுத்துறையிலும் பெயர் பெற்றவர். 1877-இல் சிங்கப்பூரில் தோன்றிய ஆசிய ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைவர் அவரே; அக்கழகத்தின் ஏடு மலாய் நாட்டு வரலாற்றையும் மொழிகளையும் ஆராய்வோர்க்கு இன்றும் களஞ்சியமாக உள்ளது. ஏறத்தாழ 27 ஆண்டுகள் அவர் கண்காணித்தார். அந்த ஆண்டுகளில்தான் பேராக்கில் ஈயமும் ரயிலும், அவற்றைத் தொடர்ந்து ரப்பரும் வந்தன. தைப்பிங்கில் எல்லாப் பரிசுத்தவான்களின் ஆலயம் 1880-களின் பிற்பகுதியில் எழுந்தது. மலாய் மாநிலங்களில் எழுந்த முதல் ஆங்கிலிக்கன் ஆலயம் அது.

பேராக், சிலாங்கூர் போன்றவை சுல்தான்களின் நாடுகள். பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேய ரெசிடெண்டு வந்து அமர்ந்தாரேயன்றி, நாடு அரசியாருடையதாகவில்லை. சரவாக்கில் செல்லாத சாசனம் சட்டப்படி பேராக்கிலும் செல்லாது. ஆகவே இங்கே பேராயரின் அதிகாரம் மக்களின் இசைவில் நின்றது என்று சொல்லலாம். ஆனால் எந்த மக்களின் இசைவு? அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் ஆங்கிலத்தில் வழிபட்டனர். அவர்களுக்கே குருவானவரை முதலில் வைத்தனர். திருநெல்வேலியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த தமிழ்க் கிறிஸ்தவர்க்கு உபதேசியார் இருந்தார். உபதேசியார் தோட்டத்துக்குள் கால் வைக்கத் துரையின் உத்தரவு வேண்டும். பேராயர் என்பவர் அம்மக்களுக்குப் பிள்ளைகளின் திடப்படுத்தல் ஆராதனையன்று மட்டும் கண்ணில் படும் ஒருவர். அவருடைய மொழியை உபதேசியார் பெயர்த்துச் சொல்லவேண்டும்.

இந்த இடைவெளியில் வேலை செய்தவர்களுள் ஒருவரை மறக்கலாகாது. வில்லியம் ஹென்றி கோம்ஸ் இலங்கையில் பிறந்தவர். கல்கத்தாவின் பிஷப்ஸ் கல்லூரியில் பயின்றவர். மெக்டூகலின் காலத்தில் சரவாக்குக்கு வந்து லுண்டு என்னும் இடத்தில் டயாக் மக்களிடையே ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1872-இல் சிங்கப்பூருக்கு வந்து, 1902-இல் இறக்கும்வரை சீனரிடையேயும் தமிழரிடையேயும் சபைப்பணியை நடத்தினார். போர்னியோவையும் சிங்கப்பூரையும் மக்களின் மொழி வழியாக அறிந்தவர் அவரைப்போல் வேறொருவர் இருந்தாரோ என்பது ஐயம். மூன்று பேராயர்களின் கீழ் அவர் பணிபுரிந்தார். நான்காமவராக அவரை எண்ணிப்பார்க்கக்கூட அந்தக் காலம் ஆயத்தமாயில்லை.

1909-இல் கடல் வென்றது. திருமண்டலத்தை இரண்டாகப் பிரித்தனர். லாபுவானும் சரவாக்கும் ஒரு பேராயரின் கீழ்ச் சென்றன. சிங்கப்பூரும் மலாய் நாடும் பெர்குசன்-டேவி என்பவரின் கீழ் வந்தன. இப்போது பேராயர் சிங்கப்பூரிலேயே இருந்தார். பேராக்குக்கு ரயிலில் வரலாம். அவருடைய மனைவியார் சார்லட் அம்மையார் மருத்துவர். 1913-இல் சிங்கப்பூரில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். மலாய் நாட்டுச் சபைப்பணியைப் பற்றி 1921-இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு 'ரப்பர் நாடுகளில்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். பெயரே காலத்தைச் சொல்லுகிறது.

இதே ஆண்டுகளில் இந்தியாவில் என்ன நடந்தது என்பதை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவர்கள் இருந்தும், 1877-இல் அங்கே கால்டுவெலையும் சார்ஜென்டையும் சென்னைப் பேராயரின் துணைவர்களாக மட்டுமே அபிஷேகம் செய்தனர், அதுவும் கல்கத்தாவில். முழுத் திருமண்டலமாகத் திருநெல்வேலி 1896-இல்தான் அமைந்தது. ஆனால் அதன்பின் வேகம் பிறந்தது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-இல், மெக்டூகல் அபிஷேகம் பெற்ற அதே கல்கத்தா நகரில், தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதன்முறை. தமிழராகிய அவர் தெலுங்கு நாட்டில் தெலுங்கு கற்று அம்மக்களுக்கே உரியவராக வாழ்ந்தார். அசரியாவின் ஊர்ப்பக்கத்து மக்கள் மலாய் நாட்டு ரப்பர்க் காட்டில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய பேராயர் பீடத்தில் மட்டும் ஆங்கிலேயருக்குப் பின் ஆங்கிலேயரே அமர்ந்தனர். 1927-இல் பெர்குசன்-டேவிக்குப் பின் பாசில் ராபர்ட்ஸ். 1941-இல் அவருக்குப் பின் லியோனர்ட் வில்சன்.

வில்சன் பொறுப்பேற்ற சில மாதங்களில் ஜப்பானியர் வந்தனர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வீழ்வதற்கு முந்திய நாள்களில் பேராலயம் மருத்துவமனையாக மாறிற்று. ஆலயத்தின் இருக்கைகளை அகற்றிக் காயமுற்றோரைக் கிடத்தினர். வெள்ளையர் அனைவரும் சிறை புகுந்தபோது வில்சன் மட்டும் இன்னும் இரு குருமாருடன் ஓராண்டுக்கு மேல் வெளியே நடமாட முடிந்தது. காரணம், ஜப்பானிய நிர்வாகத்தில் சமய, கல்வித் துறையில் இருந்த ஓகாவா என்னும் அதிகாரி தாமே ஓர் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். பகைவர் படையில் ஒரு சபை மகன் இருந்தான்! 1943 மார்ச்சில் அந்த வாய்ப்பும் முடிந்தது. வில்சன் சாங்கிச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள் ஜப்பானிய இராணுவப் போலீசார் சாங்கிச் சிறையில் புகுந்து சோதனையிட்டனர். துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்குக் கைதிகளே உளவு சொன்னார்கள் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் அக்காரியத்தைச் செய்தவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து இரகசியமாக வந்த படைக்குழுவினர். 57 பேரை இழுத்துச் சென்றனர். 15 பேர் இறந்தனர். வில்சனும் அவர்களுள் ஒருவராகப் பல நாள் கடுமையான சித்திரவதைக்கு உள்ளானார், பிழைத்தார். போருக்குப் பின் தம்மை வதைத்தவர்களுள் ஒருவருக்கு அவரே தம் கையால் திடப்படுத்தல் செய்தார் என்ற வரலாறு உலகெங்கும் சொல்லப்படுவது. சொல்லப்படத்தக்கதே.

ஆனால் நம் பொருளுக்கு இன்றியமையாத வரலாறு சிறைக்கு வெளியே நடந்தது. பேராயர் இல்லை, வெள்ளைக்காரக் குருமார் இல்லை, துரைமார் இல்லை, இங்கிலாந்திலிருந்து பணமும் கடிதமும் இல்லை. சபை நடந்தது. ஆசியக் குருமாரும் உபதேசியார்களும் நடத்தினர். அவர்களுள் முன்னின்று பொறுப்பைத் தாங்கியவர் முனைவர் டி. டி. செல்லையா. தமிழர், குருவானவர், கல்வி வரலாற்றறிஞர். நீரிணைக் குடியேற்றங்களில் 1800 முதல் 1925 வரை ஆங்கில ஆட்சி கடைப்பிடித்த கல்விக் கொள்கையை ஆராய்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்த ஆய்வு 1947-இல் கோலாலம்பூரில் நூலாக வெளிவந்தபோது, தாய்மொழிகளை அடிப்படையாகக் கொண்ட புதிய கல்விமுறைக்கான பரிந்துரைகளும் அதன் தலைப்பிலேயே இடம்பெற்றன. தோட்டப் பள்ளியில் கரும்பலகைமுன் நிற்கும் எம்போன்றவர்க்கு அந்தத் தலைப்பு ஒன்றே போதும். ஆங்கிலக் கல்வியே கல்வி என்றிருந்த நாளில், ஆங்கிலத்திலேயே உயர்பட்டம் பெற்ற ஒருவர் பிள்ளையின் மொழியில் தொடங்குக என்றார். நம் தமிழாசிரியர் பலருக்கு அவர் பெயர் தெரியாது என்பது வருந்தத்தக்கது. அவருடைய நூல் சபையாரின் அலமாரியிலும் தமிழ்ப் பள்ளிகளின் அலமாரியிலும் இரண்டிலும் இருக்கவேண்டியது.

போர் முடிந்தது. சபையைக் காப்பாற்றியவர்கள் இன்னார் என்பதை அனைவரும் கண்டனர். ஆயினும் 1949-இல் வில்சன் இங்கிலாந்து திரும்பியபோது, அவர் இடத்துக்கு ஹென்றி பெய்ன்ஸ் என்னும் ஆங்கிலேயரையே வைத்தனர். செல்லையா பேராயராகவில்லை. இதனை யாரோ ஒருவருடைய சூழ்ச்சி என்று கொள்ளவேண்டியதில்லை. ஆட்சியே இன்னும் ஆங்கிலேயர் கையில் இருந்தது; சபையின் பணமும் வழக்கமும் அந்த ஆட்சியோடு பிணைந்திருந்தன. அதற்கு முந்திய ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டி அவசரகாலம் பிறந்தது. 'புதுக்கிராமங்கள்' எழுந்தன, இலட்சக்கணக்கான சீனர் அவற்றில் குடியேற்றப்பட்டனர். சபையின் கவனமும் ஆள்பலமும் பெரிதும் அப்பக்கம் திரும்பின. தோட்டத்துத் தமிழ்ச் சபைகள் பழைய உபதேசியார்களோடு நின்றன.

மாறுதல் படிப்படியாகவே வந்தது. 1958-இல் ரோலண்ட் கோ என்னும் சீனர் துணைப் பேராயரானார். 1960-இல் திருமண்டலத்தின் பெயர் 'சிங்கப்பூரும் மலாயாவும்' என்று விரிந்தது. மலாயா விடுதலை பெற்று மூன்றாண்டு கழிந்தபின்னரே அதன் பெயர் பேராயர் பட்டத்தில் ஏறிற்று என்பதைக் கவனிக்கவேண்டும். 1966-இல் பினாங்கில் பிறந்தவரும் வழக்கறிஞராக இருந்தவருமான சியூ பான் இட் அப்பீடத்தில் அமர்ந்த முதல் ஆசியரானார். அசரியாவுக்கும் அவருக்கும் இடையே 54 ஆண்டுகள். இலங்கையிலும் ஏறக்குறைய இதே கதைதான். கொழும்புப் பீடத்தில் 1845 முதல் ஆங்கிலேயரே இருந்து, 1964-இல் ஹெரால்ட் டி சொய்சா முதல் இலங்கையராக அமர்ந்தார். அங்கே தமிழர் ஒருவர், ஜாபேஸ் ஞானப்பிரகாசம், பேராயராவதற்கு 1987 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1965-இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. 1970-இல் திருமண்டலமும் பிரிந்தது. மேற்கு மலேசியத் திருமண்டலம் என்று ஒன்று புதிதாகத் தோன்ற, ரோலண்ட் கோ அதன் முதல் பேராயரானார். கல்கத்தா, கூச்சிங், சிங்கப்பூர் என்று கடல் கடந்தே இருந்த கண்காணி, தீபகற்பத்தில் சபை தோன்றிய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இந்த மண்ணிலேயே பீடம் கொண்டார். அவருக்குப் பின் 1973-இல் ஜான் குருபாதம் சவரிமுத்து பொறுப்பேற்றார். தமிழர்; 1994 வரை இருபது ஆண்டுக்கு மேல் அப்பீடத்தில் இருந்தார். தமிழ்ச் சபைகளுக்கு வரும்போது பெயர்ப்பாளர் வேண்டாத பேராயர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ஆடவர் பெண்டிர் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்ந்தும் கொண்டிருந்த காலத்தில் அவர் வந்தார் என்பது வரலாற்றின் விந்தை. தம் மொழி பேசும் பேராயர் வந்தபோது அம்மக்கள் லயன் வீடுகளை விட்டுப் போய்க்கொண்டிருந்தனர். சிங்கப்பூரிலும் 2012 முதல் 2020 வரை ரென்னிஸ் பொன்னையா பேராயராக இருந்தார். 1996-இல் சிங்கப்பூர், மேற்கு மலேசியா, கூச்சிங், சபா ஆகிய நான்கு திருமண்டலங்களும் சேர்ந்து தென்கிழக்காசிய மாகாணம் ஆயின. அதன் தலைமைப் பேராயர் பதவி நான்கினுக்கும் மாறிமாறி வருகிறது. இன்று இதற்குக் கல்கத்தாவின் இசைவும் வேண்டாம், அரசியாரின் சாசனமும் வேண்டாம்.

லாபுவான் என்னவாயிற்று? 1890-இல் அதன் நிர்வாகம் வட போர்னியோக் கம்பெனியிடம் சென்றது. 1907-இல் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்தது. 1946-இல் மீண்டும் வட போர்னியோவுக்குப் போயிற்று. 1949-இல் போர்னியோப் பேராயரின் பட்டத்தை மாற்றியமைத்தபோது, 'லாபுவானும் சரவாக்கும்' என்பதை எடுத்துவிட்டு 'போர்னியோ' என்று மட்டும் வைத்தனர். 94 ஆண்டுகள் ஒரு திருமண்டலத்துக்குப் பெயர் தந்த தீவின் பெயர் அன்று ஓசையின்றி மறைந்தது. 1962-இல் போர்னியோவும் கூச்சிங் என்றும் ஜெஸல்டன் என்றும் இரண்டாயிற்று. ஜெஸல்டனில் ஜேம்ஸ் வோங் என்னும் சீனரும், கூச்சிங்கில் 1968-இல் பாசில் தெமெங்கோங் என்னும் இபானும் பேராயராயினர். லுண்டுவில் கோம்ஸ் நிறுத்திய வேலைக்கு அந்த மண்ணிலிருந்து வந்த விடை என்று இதனைக் கொள்ளலாம்.

1984 முதல் லாபுவான் மலேசியாவின் கூட்டரசுப் பிரதேசம். அங்குள்ள ஆங்கிலிக்கன் சபையாரின் பேராயர் கோத்தா கினபாலுவில் இருக்கிறார். லாபுவானைத் தம் பட்டத்தில் தாங்கிய பேராயர்களுள் ஒருவரேனும் அத்தீவையே தம் இருப்பிடமாகக் கொண்டதில்லை.